பைக்குப் பழகிய வருடம்

முதலில் எல்லோரும் அதை மூலம் என்றுதான் சொன்னார்கள். கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக்குக் கீழே இருந்த மருந்துக்கடைக்காரர் சொன்னார். அலுவலகத்தில் என் பக்கத்து மேசைப் பெண் சொன்னாள். நம்புவதற்கு எனக்கும் அதுதான் வசதியாக இருந்தது. உறைப்பைக் குறைத்தேன், கீரையைக் கூட்டினேன், மருந்துக்கடைக்காரர் தந்த களிம்பைப் பூசினேன். மலத்தோடு போன இரத்தம் நிற்கவில்லை.

அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா இருந்திருந்தால் அவளிடம் சொல்லியிருப்பேன். அவள் போய்ப் பல வருடங்களாகிவிட்டன. தங்கை டிலானி கல்யாணம் முடித்து மெல்பர்னுக்குப் போய்விட்டாள். இரண்டு அறையும் ஒரு குளியலறையும் உள்ள மேல்மாடி வீட்டில் நானும் அப்பாவும் மட்டும்தான். அவர் துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவர். நாங்கள் இருவரும் மழையைப் பற்றிக் கதைப்போம், மீன் விலையைப் பற்றிக் கதைப்போம், ஞாயிறு தேவாலயப் பூசைக்கு எத்தனை மணிக்குப் போவது என்று கதைப்போம். உடம்பைப் பற்றிக் கதைக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் எனக்கு வேலை. சிங்களத்தில் இருக்கும் காணி உறுதிப் பத்திரங்களையும் சத்தியக்கடதாசிகளையும் தமிழில் பெயர்த்துத் தட்டச்சுச் செய்து கொடுக்க வேண்டும். கழிப்பறை முற்றத்துக்கு அப்பால், இன்னும் மூன்று அலுவலகங்களுக்குப் பொதுவாக இருந்தது. அவசரம் வந்தால் அது ஒரு நிமிடம்கூடப் பொறுக்காது. யாராவது உள்ளே இருந்தால் கதவுக்கு வெளியே சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். கொஞ்சக் காலத்தில் காலைச் சாப்பாட்டை நிறுத்தினேன். பிறகு மத்தியானச் சாப்பாட்டையும் நிறுத்தினேன். "டயட்டா?" என்று கேட்டார்கள். "ஓம்" என்றேன்.

ஒருநாள் பிற்பகல், மட்டக்குளியிலிருந்து வந்த ஒரு வயதான தம்பதி என் மேசைக்கு முன்னால் இருந்தார்கள். அவர்களுடைய சத்தியக்கடதாசியைப் படித்துக் காட்டிக்கொண்டிருக்கும்போதே என் உடம்பு என்னைக் கைவிட்டுவிட்டது. எழும்பவில்லை. கடைசிப் பந்திவரை படித்து முடித்தேன். அவர்கள் கையெழுத்து வைத்துவிட்டு நன்றி சொல்லிப் போனார்கள். அதற்குப் பிறகும் நான் எழும்பவில்லை. "வேலை கிடக்கு, நீங்க போங்க" என்று எல்லோரையும் அனுப்பினேன். அறை காலியானதும் நான் இருந்த கதிரையைக் கழுவினேன், சால்வையை இடுப்பில் சுற்றினேன், பஸ்ஸில் ஏறப் பயந்து வீடுவரை நடந்தேன். அப்பா வானொலி கேட்டுக்கொண்டிருந்தார். "பிந்திட்டுது" என்றார். "ஓம், வேலை" என்றேன்.

அடுத்த நாள்தான் டொக்டரிடம் போனேன்.

கொலனோஸ்கோபி என்று ஒரு பரிசோதனை இருக்கிறது. முதல் நாள் ஒரு மருந்துத் தண்ணீரைக் குடித்துக் குடலைச் சுத்தமாக்க வேண்டும். பிறகு நுனியில் கமரா உள்ள மெல்லிய குழாயைப் பின்வழியாகச் செலுத்திப் பெருங்குடலின் உள்பக்கத்தைப் பார்ப்பார்கள். மயக்கமாக இருக்கும், வலி அவ்வளவு தெரியாது. அதைவிட, கூட யாரும் வராமல் அந்தக் காத்திருப்பு அறையில் இருந்ததுதான் கஷ்டமாக இருந்தது. "உங்களைக் கூட்டிட்டுப் போக ஆள் வந்திருக்கா?" என்று நர்ஸ் கேட்டா. "வெளியில நிக்கிறார்" என்று பொய் சொன்னேன். அந்த மயக்கத்தோடு தனியாகவே திரீவீலர் பிடித்து வீட்டுக்குப் போனேன்.

நோயின் பெயர் அல்சரேட்டிவ் கொலைடிஸ். பெருங்குடலின் உட்சுவர் முழுக்கப் புண். கிருமிகளோடு சண்டை பிடிக்க வேண்டிய உடம்பின் சக்தி, வழிதவறித் தன் குடலையே எதிரி என்று நினைத்து அடிக்கிறதாம்.

"நான் சாப்பிட்டதால வந்ததா டொக்டர்?"

"இல்ல. நீங்க ஒரு பிழையும் செய்யயில்ல. இது ஏன் வருதெண்டு எங்களுக்கே சரியாத் தெரியாது."

"மாறுமா?"

"அடக்கி வைக்கலாம்" என்றார். அந்த ஒரு சொல்லைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

அப்பாவுக்கு "குடலில புண்" என்று மட்டும் சொன்னேன். அவர் தலையாட்டினார். அன்றிலிருந்து கறியில் மிளகாய்த்தூள் போடுவதை நிறுத்தினார். தனக்கும் சேர்த்துத்தான்.

சில வருடங்கள் மருந்தோடு ஓடின. நல்ல மாதங்கள் வந்தன, கெட்ட மாதங்களும் வந்தன. கெட்ட மாதங்களில் ஸ்டீரொய்ட் குளிசை தந்தார்கள். அது புண்ணை ஆற்றும், ஆனால் முகத்தை ஊதிய பலூன் மாதிரி ஆக்கிவிடும். கோயில் வாசலில் நின்ற பெண்கள், "இப்பதான் சதை பிடிச்சு வடிவா இருக்கிற" என்றார்கள். அந்த நேரத்தில் ஒரு சம்பந்தமும் பேசி வந்தது. நல்ல ஆள், வங்கியில் வேலை. எனக்கு விருப்பம் இல்லை என்றேன். ஏன் என்று அப்பா கேட்டார். எழும்பிக் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டேன். இரண்டு வாரம் அவர் என்னோடு சரியாகக் கதைக்கவில்லை.

நாடு கடனில் விழுந்து பெட்ரோல் வரிசைகள் நீண்ட அந்த வருடத்தில்தான் மருந்துக்கும் தட்டுப்பாடு வந்தது. நான் ஒவ்வொரு நாளும் விழுங்க வேண்டிய குளிசை கொட்டாஞ்சேனையில் இல்லை. வெள்ளவத்தையில் இருக்கும் என்றார்கள். அங்கே கடைகள் நிறைந்த காலி வீதியில் பார்மசி பார்மசியாக ஏறி இறங்கினேன். இடையில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் ஓடி, "கழிப்பறை இருக்கா அண்ணை?" என்று கெஞ்சினேன். ஒரு கடையில் ஒரேயொரு அட்டை கிடைத்தது. அதைப் பாதிப் பாதியாக விழுங்கிச் சமாளித்தேன். டிலானி மெல்பர்னிலிருந்து அனுப்பிய மருந்து வந்து சேர்ந்தபோது நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன்.

பொரளைப் பக்கம் உள்ள அரசாங்க ஆஸ்பத்திரியில், பெண்கள் வார்ட். காய்ச்சல், வயிறு வீக்கம், நிற்காத இரத்தம். கையில் சேலைன் ஏறிக்கொண்டிருக்க, அது தொங்கும் கம்பியையும் உருட்டிக்கொண்டு கழிப்பறைக்கும் கட்டிலுக்கும் நடந்தேன். பெண்கள் வார்ட்டில் துணைக்கு இருக்க ஆண்களை விடமாட்டார்கள். மற்றக் கட்டில்களில் மகள்மார், தங்கைமார், மச்சாள்மார் வந்து ஆளை மாற்றி ஆள் துணைக்கு இருந்தார்கள். என் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு வெறும் ஸ்டூல் இருந்தது. அடுத்த கட்டிலுக்கு ஆள் கூடினால் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போவார்கள்.

அப்பா பார்வையாளர் நேரத்துக்கு மட்டும் வருவார். கஞ்சி பிளாஸ்க்கை வைத்துவிட்டு, கட்டிலின் கால்மாட்டில் நின்று, மற்றப் பெண்களைப் பார்க்காமல் இருப்பதற்காக ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அடுத்த கட்டிலில் சுமனா என்று ஒரு சிங்களப் பெண், மீன் விற்கும் குடும்பம். பித்தப்பையில் கல் என்று வந்தவ. என்னை 'நங்கி' என்று, தங்கையைக் கூப்பிடுவது மாதிரிக் கூப்பிடுவா. ஒருநாள் வயிறு குமட்டி நான் சத்தியெடுத்தபோது தன் மகளிடம் என்னைக் காட்டிச் சிங்களத்தில் சொன்னா: "அந்தப் பிள்ளைக்கு ஆள் இல்ல, போய்த் தலையைப் பிடி." அந்த மகள் வந்து என் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய உள்ளங்கை குளிர்ச்சியாக இருந்தது. எனக்கு ஆள் இல்லை என்பது மற்றவர்களுக்கும் தெரிகிறது என்று அப்போதுதான் விளங்கியது. அவள் கையை எடுத்த பிறகு போர்வையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

மருந்து வேலை செய்யவில்லை. எக்ஸ்ரேயில் பெருங்குடல் வீங்கிப் பெருத்திருந்தது. சத்திரசிகிச்சை நிபுணர் என் கட்டிலின் ஓரத்தில் இருந்து, ஒரு காகிதத்தில் படம் கீறி விளங்கப்படுத்தினார். பெருங்குடலை வெட்டி எடுத்துவிடுவார்கள். சிறுகுடலின் நுனியை வயிற்றின் வலப்பக்கத்தில் ஒரு துவாரம் வழியாக வெளியே கொண்டுவந்து தைப்பார்கள். அதற்குப் பெயர் ஸ்டோமா. மலம் அதன் வழியாக, தோலில் ஒட்டியிருக்கும் ஒரு பைக்குள் வரும்.

"எவ்வளவு காலத்துக்கு?"

"பிறகு இன்னும் ஒபரேஷன் செய்து உள்ளுக்குள்ளேயே ஒரு வழி அமைக்கப் பார்க்கலாம். எல்லாருக்கும் சரிவராது. இப்ப அதை யோசிக்க வேணாம். குடல் வெடிச்சா உங்களைக் காப்பாத்துறது கஷ்டம்."

அன்று பின்னேரம் அப்பா வந்ததும் சொன்னேன். முதல் தடவையாக அவர் ஜன்னலை விட்டு என்னைப் பார்த்தார்.

"வேணாம்" என்றார்.

"அப்பா, வெடிக்கும் எண்டு சொல்றாங்க."

"வேற டொக்டரைக் காட்டுவம். வயித்தில ஓட்டை போட்டுப் பையைக் கட்டிக்கொண்டு வாழ்நாள் முழுக்க... நீ பொம்பிளைப் பிள்ளை, மகள்."

"செத்தா பொம்பிளைப் பிள்ளையா இருந்து என்ன செய்ய?"

பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா குரலைத் தாழ்த்தினார். "உன்ட அம்மாவும் ஒபரேஷன் செய்தாச் சரியாகும் எண்டுதான் கையெழுத்து வச்சவ. நானும் தலையாட்டினனான். நான் இதுக்கு ஓம் சொல்ல மாட்டன்."

"நீங்க சொல்லத் தேவையில்ல அப்பா. நானே வைக்கலாம்."

பெல் அடித்தது. பார்வையாளர்கள் போக வேண்டும். அப்பா பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு போனார். மூடியை மறந்துவிட்டார். அவர் போன பிறகு சம்மதப் பத்திரத்தில் கையெழுத்து வைத்தேன். ஊசி ஏற்றிய கையாலேயே எழுதியதால் அது என் கையெழுத்து மாதிரி இருக்கவில்லை.

மறுநாள் காலையில் ஒபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோகும்போது வார்ட் வாசலில் மற்ற ஒவ்வொருவருக்கும் ஆட்கள் நின்றார்கள். சிலுவை அடையாளம் போட்டுவிடுவது, நூல் கட்டிவிடுவது என்று. என் ட்ரொலி நிற்காமல் உருண்டது. தலையைத் தூக்கி இரண்டு பக்கமும் பார்த்தேன். அப்பா இல்லை. நெற்றியில் நானே சிலுவை போட்டுக்கொண்டேன்.

கண் விழித்தபோது தொண்டைக்குள் ஏதோ உரசியது, வயிறு முழுக்கப் பாரமாக இருந்தது. வலி மருந்து ஏற்றியிருந்தார்கள். முதல் இரண்டு நாள் நான் கீழே பார்க்கவில்லை. நர்ஸ் பையைத் திறந்து வெறுமையாக்கும்போது கூரையில் இருந்த மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் ஸ்டோமா நர்ஸ் வந்தா. கொஞ்சம் அதட்டிக் கதைக்கிற சிங்களப் பெண்மணி. "பார்க்காமல் எப்படிப் பழகுவது?" என்று சிங்களத்தில் கேட்டுக் கட்டிலை நிமிர்த்திவிட்டா.

பார்த்தேன். சிவப்பாக, ஈரமாக, உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு சின்னச் சதை. தொட்டால் வலிக்கவில்லை, அதற்கு வலி நரம்பே இல்லையாம். அது மெதுவாகச் சுருங்கி விரிந்தது. நான் நினைக்காமலே, என்னைக் கேட்காமலே. எனக்கு அழுகை வந்தது. நர்ஸ் அழவிட்டா. பிறகு கத்தரிக்கோலை என் கையில் தந்தா. பைக்கு அடித்தட்டு ஒன்று இருக்கிறது, தோலில் ஒட்டுவது. அதில் ஸ்டோமாவின் அளவுக்கு வட்டமாக வெட்ட வேண்டும். வட்டம் பெரிதானால் கசிந்து தோல் வெந்துவிடும், சிறிதானால் குடல் நெரியும். முதல் வட்டம் முட்டை மாதிரி வந்தது.

அப்பா வந்தது அன்றைக்குத்தான். ஷேவ் எடுக்கவில்லை, அயர்ன் பண்ணாத ஷர்ட். அந்தக் கோலத்தில் வீட்டு வாசலுக்குக்கூடப் போகாத மனிதர் அவர். ஸ்டூலில் இருந்தார். கஞ்சி கொண்டுவரவில்லை.

"ஒபரேஷன் அன்டைக்கு வந்தனான்" என்றார்.

"எங்க? நான் பார்த்தனான், நீங்க இல்ல."

"பொரளைச் சந்திவரைக்கும். பஸ்ஸால இறங்கினன். ரோட்டைக் கடக்க ஏலாமப் போச்சு." ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "அம்மாவை இங்கயிருந்து கொண்டுபோன பிறகு, நீ வந்து படுக்கும்வரைக்கும் நான் இந்தப் பக்கம் வந்ததே இல்ல மகள். பார்வையாளர் நேரத்துக்கு, சனத்தோட சனமா உள்ளுக்கு வந்திருவன். அன்டைக்கு விடிய சனம் இல்ல. பஸ் ஹோல்ட்டிலயே இருந்தன். ஒருத்தன் வந்து 'அங்கிள், சுகமில்லையா' எண்டு கேட்டான். பிறகு வீட்டுக்குப் போயிட்டன்."

கோபப்பட வேண்டும் என்று நினைத்தேன். கோபம் வரவில்லை. "சரி அப்பா" என்றேன். அவர் பையைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. என் போர்வையின் வலப்பக்கத்தைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகும் அப்படித்தான். உண்மையில், ஆஸ்பத்திரியைவிட வீட்டில்தான் தனிமை அதிகமாக இருந்தது. வார்ட்டில் எல்லோரும் நோயாளிகள், யாருடைய உடம்பும் ரகசியம் இல்லை. வீட்டில் நான் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு தனியாகப் பையை மாற்றுவேன். பழைய பையைக் காகிதத்தில் சுற்றிக் குப்பைக்குள் அடியில் தள்ளுவேன். அப்பா நான் உள்ளே போகும்போதெல்லாம் வானொலியின் சத்தத்தைக் கூட்டுவார். எனக்காகத்தான் என்று தெரியும். ஆனாலும் அந்தச் சத்தம் எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு மதில் மாதிரி எழும்பும்.

நல்லதும் நடந்தது. இரத்தம் நின்றது. சோறு சாப்பிட்டேன், பயப்படாமல் சாப்பிட்டேன். தண்ணீர் உடம்பில் தங்காது என்பதால் உப்பும் சீனியும் கலந்து அடிக்கடி குடிக்க வேண்டும், அவ்வளவுதான். அலுவலகத்துக்குத் திரும்பிப் போனேன். காலையிலிருந்து மத்தியானம்வரை எழும்பாமல் ஒரு முழு உறுதியை மொழிபெயர்த்து முடித்த அன்று, கதிரையில் சாய்ந்து கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். ஆனால் அதைச் சொல்ல ஆள் இல்லை. டிலானிக்கு வட்ஸ்அப்பில் "வேலைக்குப் போனேன்" என்று அனுப்பினேன். அவள் கட்டைவிரல் படம் அனுப்பினாள்.

பிறகு மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை, ஈரப் படியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன். முழங்கைவரை கட்டுப் போட்டுவிட்டார்கள். மறுநாள் காலையில் எழும்பியபோது அடித்தட்டின் ஓரம் கிளம்பியிருந்தது. கசிவு தோலில் பட்டு எரிந்தது. இடது கையால் கத்தரிக்கோலைப் பிடித்துப் பார்த்தேன். இரண்டு தட்டுகள் வீணாயின. இன்னும் ஒன்றுதான் மிச்சம். உதவி கேட்கக்கூடிய ஒரே ஆளான பக்கத்து வீட்டு அக்கா குடும்பத்தோடு மடுத் தேவாலயத்துக்குப் போயிருந்தா. ஸ்டோமா நர்ஸுக்கு போன் எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை, அவ வீட்டில் இருந்தா.

"வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டா.

"அப்பா மட்டும்தான்."

"அப்பா போதும்" என்றா.

கட்டிலில் இருந்தேன். துவாயை வயிற்றில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கூப்பிடுவதா வேண்டாமா என்று கனநேரம் யோசித்தேன். எரிச்சல் கூடியது.

"அப்பா!"

வாசலில் வந்து நின்றார். பூசைக்குப் போக வெளிக்கிட்டிருந்தார்.

"எனக்கு ஏலாமக் கிடக்கு. பையை மாத்தணும். நீங்கதான் வெட்டித் தரணும்."

அவர் திரும்பிப் போனார். போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தம் நெடுநேரம் கேட்டது. திரும்பி வந்தபோது ஷர்ட் கையை முழங்கைக்கு மேலே மடித்துக் கண்ணாடி போட்டிருந்தார்.

"சொல்லு. எப்பிடி வெட்டுறது?"

அளவு அட்டையைக் காட்டினேன். வட்டத்தைப் பேனையால் கீறி, நாக்கைக் கடித்துக்கொண்டு மெதுவாக வெட்டினார். பிறகு நான் துவாயை எடுத்தேன். பழைய தட்டை ஓரத்திலிருந்து மெல்ல உரிக்கச் சொன்னேன். உரித்தார். வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்துத் தோலைத் துடைத்தார். அந்த நேரம் பார்த்து ஸ்டோமா கொஞ்சம் வெளியேற்றியது. அவருடைய விரலில் பட்டது. கையை இழுத்துக்கொண்டார்.

"ஸொரி அப்பா. அதை நிப்பாட்ட ஏலாது."

"பரவாயில்ல" என்று சொல்லி வேறு பஞ்சு எடுத்தார். துடைத்துவிட்டுக் குனிந்து, கண்ணாடியைச் சரிசெய்து, நன்றாகப் பார்த்தார். "அசையுது."

"ஓம். எப்பவும் அசையும்."

"நோகுதா?"

"அது நோகாது. சுத்தியிருக்கிற தோல்தான் எரியுது."

"இவ்வளவுதானா?" என்றார். "இவ்வளவு சின்னதா?"

"நீங்க என்ன நினைச்சீங்க?"

"வயிறு முழுக்கத் திறந்து கிடக்கும் எண்டு நினைச்சனான். கேக்கப் பயமா இருந்துச்சு." மூக்கை மேற்கையில் துடைத்துக்கொண்டு, புதிய தட்டின் காகிதத்தை உரித்தார். வட்டம் சரியாகப் பொருந்தியது.

பசை பிடிக்கச் சூடு வேண்டும், உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும் என்று சொன்னேன். அவர் கையை வைத்தார். நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்பா என்னைத் தொட்டதாக ஞாபகம் இல்லை. பெரிய, சொரசொரப்பான கை. சூடாக இருந்தது. வெளியே மழை விட்டிருந்தது. கோயில் மணி அடித்து ஓய்ந்தது. பூசை தொடங்கியிருக்கும்.

"போதும் அப்பா, ஒட்டியிருக்கும்."

"இன்னும் கொஞ்சம் பிடிக்கிறன்" என்றார்.